காணாமல் போன ஜால்ரா

துப்பறியும் நிபுணர் முருகானந்தம் கண்களை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டினார். அப்படி ஆட்டினால் சங்கீதம் தெரிந்தவர் மாதிரி இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண்ணின் ஜாதகம் நிஜ ஜாதகம்தானா என்று விசாரித்தே நாமக்கல்லில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். இப்படியொரு வழக்கு அவருக்கு வந்ததே இல்லை. அதனால் வராத கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களா?" என்றார் தனபால்.

"கேட்டனுங்க."

"ஜால்ரா எங்கீங்க?"

முருகானந்தம் கண்ணைத் திறந்தார். இசைத்தட்டில் பஜனைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மிருதங்கம் இருந்தது, ஆர்மோனியம் இருந்தது. 'சிங் சிங்' என்று ஏதோ ஒன்றும் காதில் விழுந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு லாரி விலை கொடுத்து இசைத்தட்டு மிஷின் வாங்கியவர் ஜால்ரா இல்லை என்கிறார். அப்படியானால் நாம் கேட்டது ஜால்ராவாக இருக்காது, ஏதோ மலிவான சத்தமாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டினார்.

"சுத்தமா இல்லீங்களே!" என்றார்.

பக்கத்தில் நின்ற கோகிலவாணி குனிந்து அவர் காதோடு சொன்னாள். "ஏனுங்க சார், நீங்க போடற ஜால்ராவுல அந்த ஜால்ரா அமுங்கிப் போச்சாட்ட இருக்குதுங்க."

கோகிலவாணி அவருடைய உதவியாளர். லாரி புக்கிங் ஆபீசில் டிரைவர்களை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தவள். நாற்பது வயதில் அந்த வேலையை விட்டு இவரிடம் வந்து சேர்ந்தாள். அதட்டுவதை மட்டும் விடவில்லை.

தனபால் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். அவரும் தம்பி சின்னராஜும் ஆந்திரா, கர்நாடகா என்று எல்லாச் சீமையிலும் பூமியைத் துளைத்துச் சம்பாதித்தார்கள். அந்தச் சம்பாத்தியத்தில் தனபால் தனக்கென்று செய்துகொண்ட ஒரே செலவு இந்த அறைதான். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. நடுவில் கருங்கல் பலகை ஒன்று, அதன் மேல் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள். பாட்டுக்கு இடைஞ்சல் என்று மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தார்கள். சித்திரை மாதத்துச் சங்கீதம் முருகானந்தத்தின் முதுகில் வியர்வையாய்த் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அறை மூலையில் ஏதோ ஒரு பூச்சி விட்டு விட்டுக் 'கீச்' என்று கத்தித் தொலைத்தது.

"இது என் மிஷின் இல்லீங்க. தோலு என்னுது, உசுரு வேற. எவனோ மாத்திப்புட்டான்" என்றார் தனபால்.

"எவன்னு சந்தேகம் இருக்குங்களா?"

"சந்தேகமே இல்லீங்க. சின்னராஜுதான்."

கூடப் பிறந்த தம்பியைப் பற்றி அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகமாகத் தெரிந்தது. "இந்த ரூம்புக்குள்ள நானு, என் சம்சாரம், அவன், மூணு பேர்த்துக்குத்தான் அனுமதி. கொஞ்ச நாளாவே அவன் சரியில்லீங்க. சைட்டுக்கு வராதீங்கண்ணா, ஊட்டுலயே இருங்கன்னு சொல்றான். போன மாசம் ஆளுங்க முன்னாடி என் சட்டையைப் புடிச்சு இழுத்துத் தள்ளுனானுங்க. நாளைக்குக் காலைல பெரியவங்க வர்றாங்க. தொழிலு, ஊடு எல்லாத்தையும் ரெண்டாப் பிரிச்சுரப் போறோம். பிரிக்கறதுக்கு முந்தி அவன் செஞ்சது இன்னதுன்னு எனக்கு ருசு வேணும்."

"மிஷினுக்கு அடியில நம்பர் இருக்குமுங்களே? அது ஒத்து வருதுங்களா?" என்றாள் கோகிலவாணி.

"நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்குது. ரிக்கு லாரி வெச்சிருக்கறவன்கிட்ட வந்து நம்பரைப் பத்திக் கேக்கறயே கண்ணு, அதைய மாத்தி அடிக்க எத்தனை நேரமாகும்?"

முருகானந்தம் எழுந்து டர்ன்டேபிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அவருக்கு அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் காலையில் பல் விளக்கிக்கொண்டே செல்போனில் பார்த்த ஒரு வீடியோதான். அதிலும் பாதியில் விளம்பரம் வந்துவிட்டது.

"இதைய நிறுத்தறதே ஒரு தவமுங்க" என்றார் தனபால். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் முகம் கனிந்தது. "மொதல்ல ரசமட்டம் வெச்சு, மயிரிழை சாயாமக் கல்லை நிறுத்தோணும். அப்பறம் ஊசி எவ்வளவு பாரத்துல தட்டு மேல உக்காருதுன்னு எடை போட்டுப் பாக்கோணும். பாரம் கூடுனாத் தட்டைக் கீறிப்புடும், குறைஞ்சாக் குதிக்கும். இதெல்லாம் உடம்புதான். உசுரு பெல்ட்டுலதான் இருக்குது. மோட்டாரு அங்க தள்ளி நிக்குது பாருங்க. அது நேராத் தட்டைச் சுத்துனா அதோட நடுக்கம் பாட்டுல ஏறிக்கும். அதனால நடுவால ஒரு பெல்ட்டு. தொளதொளன்னு இருந்தாப் பாட்டு இழுக்கும், ரொம்ப விறைச்சா நடுக்கம் வந்துரும். நல்ல பெல்ட்டுக்காக நான் அலைஞ்ச அலைச்சலு, பொண்ணு பாக்கக்கூட அலையலீங்க."

முருகானந்தம் குனிந்தார். மோட்டார் சக்கரத்திலிருந்து பெரிய தட்டுக்கு ஒரு கறுப்பு ரப்பர் பெல்ட் வளைந்து ஓடியது. தொட்டுப் பார்த்தார். விரலில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியது. பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சரக்கின் பவுடர் அது. சைக்கிள் டியூப் வாங்கினால்கூட அப்படித்தான் இருக்கும்.

"உங்க பெல்ட்டு புதுசுங்களா?"

"மூணு வருசமா ஓடறதுங்க."

"இது மூணு வாரங்கூட ஓடலீங்க!"

தனபால் எழுந்தே விட்டார். "பாத்தீங்களா! நான் சொல்லல? அப்ப மிஷினே வேறதான்!"

முருகானந்தத்துக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. அதே வேகத்தில் மோட்டார் சக்கரத்தின் கழுத்தைப் பார்த்தார். அங்கே அரக்குக் கலரில் ஒரு நூல் பிசிறு சுற்றிக் கிடந்தது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பளபளத்தது.

"பட்டு" என்றாள் கோகிலவாணி. "முறுக்கேத்துன பட்டுநூலு. இது சேலத்துப் பக்கம் இளம்பிள்ளைச் சரக்குங்க சார்."

"எப்படிச் சொல்றே?"

"நான் கட்டற சேலையெல்லாம் அங்க எடுத்ததுதான். உங்ககிட்ட வாங்கற சம்பளத்துக்குப் பட்டு எடுக்க முடியாதுன்னாலும், தொட்டுப் பாக்கறதுக்குக் கடைக்காரங்க காசு கேக்க மாட்டாங்க."

காரில் இளம்பிள்ளை போய்ச் சேர்வதற்குள் முருகானந்தம் வழக்கை முடித்துவிட்டார். அதாவது தன் மனசுக்குள். நிஜ மிஷினைச் சின்னராஜ் இளம்பிள்ளையில் போலி செய்கிற ஆசாமி ஒருவனிடம் தள்ளிவிட்டான். அவன் போலியை நூல் மண்டியில் வைத்து ஜோடித்ததால் பட்டுநூல் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. எவ்வளவு கச்சிதம்!

"ஜெர்மன் மிஷினுக்கு டூப்ளிகேட் செய்யற ஆளு இளம்பிள்ளைல இருக்கறானுங்களா சார்?"

"ஏன் இருக்கக் கூடாது?"

"இருந்தா அவனை நானே பாத்துக் கும்புடணும். நம்ம காருக்கு ஒரு ஒரிஜினல் கதவு செஞ்சு தரச் சொல்லலாம்."

முருகானந்தம் தன் பக்கத்துக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டுதான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கடை கடையாக ஏறி இறங்கினார்கள். நான்கு கடைக்காரர்கள் அவர்களைச் சேலை எடுக்க வந்த கணவன் மனைவி என்று நினைத்து உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். ஐந்தாவது, மாதையன் என்பவரின் நூல் கடை. அவர் பிசிறைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்த உடனேயே சிரித்துவிட்டார்.

"இது நம்ம கடை நூலுதானுங்க. மறக்க முடியுமா? அந்தம்மா வந்து முடிச்சே தெரியாம வட்டமா ஒரு கயிறு கேட்டாங்க. இத்தா நீளத்துக்குன்னு கையை விரிச்சுக் காட்டுனாங்க. நான் குழந்தைக்கு அரைஞாண் கயிறுன்னு நினைச்சு, ஏம்மா, இத்தா பெரிய குழந்தை எந்த ஊர்லம்மா இருக்குதுன்னு கேட்டுப்போட்டேன். அந்தம்மா சிரிக்கறாங்க, கூட வந்த தம்பி கல்லா மேசையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாரு."

"அம்மாவா? யாருங்க அந்தம்மா?"

"ரெகுலர் பார்ட்டிங்க. வாட்ஸ்அப்புல சேலைப் படம் அனுப்பிக்கிட்டேதான் இருக்கறேன்." மாதையன் செல்போனைத் தேய்த்துத் திருப்பிக் காட்டினார்.

திரையில் 'வசந்தாமணி திருச்செங்கோடு' என்றிருந்தது. மேலே வட்டத்துக்குள் தனபாலும் அவர் மனைவியும் கல்யாண மேடை ஒன்றில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடையை விட்டு வெளியே வந்ததும் முருகானந்தம் காரின் மேல் சாய்ந்து நின்றார். மனசுக்குள் முடிந்த வழக்கு மறுபடியும் பிறந்துவிட்டது. இந்தத் தடவை இரட்டைக் குழந்தை.

"கோகிலா, பொண்டாட்டியும் தம்பியும் கூட்டு. அந்த மனுஷனை நடுவுல வெச்சு நூலு சுத்தறாங்க."

"திருடறவங்க கடைக்காரரு முன்னாடி மேசையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்களா சார்?"

"அதுதான் நெஞ்சழுத்தம்ங்கறது."

"எனக்கென்னமோ நமக்குத்தான் ஒண்ணும் தெரியலைன்னு தோணுதுங்க."

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் திருச்செங்கோடு வந்து சேர்வதற்குள் அந்த எண்ணத்தை அமுக்கிவிட்டார். துப்பறிகிறவனுக்குச் சந்தேகம் பிறர் மேல்தான் வரவேண்டும்.

சாயங்கால வெயில் சாய்ந்திருந்தபோது மறுபடியும் அதே அறை. தனபால் சோபாவில் உட்கார்ந்திருந்தார். வசந்தாமணி காபித் தட்டோடு உள்ளே வந்தார். முருகானந்தம் அவரையும் உட்காரச் சொன்னார். பஜனைத் தட்டை ஓடவிடச் சொன்னார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இந்த நடைக்காகத்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தது.

"குற்றவாளி இந்த அறைக்குள்ளதான் இருக்காங்க" என்று ஆரம்பித்தார்.

'கீச்.'

"அது வேற யாருமில்லை..."

'கீச்.'

"அந்த... அந்த நபர்..."

'கீச்.'

முருகானந்தம் பொறுமை இழந்தார். "ஏனுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க, அந்தப் பூச்சியை முதல்ல வெளிய தள்ளீட்டு வந்தர்றேன். காலைல இருந்தே உசுரை வாங்குது."

"எந்தப் பூச்சி?" என்றார் தனபால்.

"கத்துதுங்களே, இப்பக்கூட."

"எங்க? ஒரு சத்தமும் இல்லீங்களே."

கோகிலவாணி அதற்குள் மூலைக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கியிருந்தாள். பின்னால் டர்ன்டேபிளுக்கென்றே வைத்த பேட்டரிப் பெட்டி. அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. விளக்கு மினுங்கும்போதெல்லாம் 'கீச்'. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அது கத்திக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து முருகானந்தத்தைப் பார்த்தாள். முருகானந்தம் தனபாலைப் பார்த்தார். மின்விசிறி இரைச்சல்கூட ஆகாது என்று நிறுத்தி வைத்த மனிதர், தன் பாட்டுக்கு நடுவே நாள் முழுக்கக் கத்துகிற ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

இசைத்தட்டில் 'சிங் சிங்' என்று சுத்தமாகக் கேட்டது. காலையிலும் கேட்டதுதான். அப்போதே "கேக்குதுங்களே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இளம்பிள்ளைக்கு எரித்த பெட்ரோல் மிச்சம். முருகானந்தத்தின் கைகள் பின்னாலிருந்து தாமாகவே முன்னால் வந்துவிட்டன.

"என்னுங்க, குற்றவாளின்னீங்க?" என்றார் தனபால்.

"உக்காருங்க தனபால். நான் உளறிட்டேன்." முருகானந்தம் அவருக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தார். நிதானமாக, வாய் தெரியும்படி பேசினார். "யாரும் எதையும் திருடலீங்க. உங்க மிஷின் உங்க மிஷின்தான். ஜால்ராவும் தட்டுல இருக்குது. எனக்குக் கேக்குது. கோகிலாவுக்குக் கேக்குது. அந்த மூலைல ஒரு பெட்டி கத்துது, அதுவும் எங்க எல்லாருக்கும் கேக்குது."

தனபால் திரும்பி மனைவியைப் பார்த்தார். வசந்தாமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"சொல்லு" என்றார் தனபால்.

"நீங்க ஆந்திராவுல இருந்தப்ப நான் பாட்டுப் போட்டேனுங்க. பெல்ட்டு அத்துப் போச்சு. நீங்க இல்லாதப்ப நான் இந்த ரூம்புல உக்காந்து பாட்டுக் கேக்கறதுண்டு. உங்களுக்குச் சொல்லல." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஜெர்மனியில இருந்து பெல்ட்டு வர நாளாகும்னாங்க. நூலுலயும் ஓடும்னு கொழுந்தன் நெட்டுல பாத்துச் சொன்னான். இளம்பிள்ளை போயிப் பட்டுக் கயிறு வாங்கியாந்து மாட்டி, வேகத்தைத் திருகிச் சரி பண்ணுனோம். நீங்க வந்து கேட்டீங்க. கேட்டுட்டு என்ன சொன்னீங்க?"

தனபால் டர்ன்டேபிளைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான்டி மிஷின் பாடுதுன்னீங்க. நாங்க ரெண்டு பேரும் சமையக்கட்டுல போயிச் சிரிச்சுக்கிட்டோம். அப்பறம் ஒரிஜினல் பெல்ட்டு வந்துச்சு. நீங்க அடுத்த சைட்டுக்குப் போயிருந்தப்ப அதைய மாட்டுனோம். வாரக்கணக்கா காதைக் கிழிக்கற கம்ப்ரஸர் பக்கத்துலயே நின்னுட்டு வந்தீங்க. வந்து கேட்டுட்டு, என் மிஷினைத் திருடிப்புட்டான்னீங்க. அப்பறம் எங்களுக்குச் சிரிப்பு வரலீங்க."

"முன்னாடியே ஏன்டி சொல்லல?"

"காது டாக்டருகிட்டப் போலாம்னு ஒருக்கா சொன்னேன். என்னையச் செவிடனாக்கி மூலைல உக்கார வெக்கப் பாக்கறீங்களான்னு சோத்துத் தட்டைத் தள்ளி உட்டு எந்திரிச்சுப் போனீங்க. அப்பறம் யாரு சொல்லுவாங்க?" வசந்தாமணி கணவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். "போன மாசம் தம்பி சட்டையைப் புடிச்சு இழுத்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்களே, எதுக்கு இழுத்தான்னு தெரியுமா? ரிக்குல இருந்து தொளை போடற இரும்பு ராடு நழுவி வந்துச்சு. ஆளுங்க அத்தனை பேரும் கத்துனாங்க. நீங்க திரும்பவே இல்லை. அவன் இழுக்காட்டி இன்னைக்கு நான் பாட்டுக் கேக்கற நெலமைலயா இருப்பேன்? அன்னைக்கு ராத்திரி அவன் சோத்துல கை வெக்கல. அண்ணன் இனிச் சைட்டுக்கு வர வேண்டாம் அண்ணின்னு அழுதான். அதையத்தான் நீங்க தொழிலைப் புடுங்கறான்னு சொன்னீங்க."

தட்டு ஓடி முடிந்து ஊசி நடுவில் கரகரத்தது. யாரும் போய் எடுக்கவில்லை.

முருகானந்தத்துக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. கொலை, கொள்ளை என்று எத்தனையோ வழக்குகளைக் கனவில் கண்டுபிடித்திருக்கிறார். நிஜமாகக் கண்டுபிடித்த ஒரே வழக்கு, ஒரு மனிதரின் முகத்தை இப்படி ஆக்கிவிட்டதே என்றிருந்தது.

அப்போது வாசல் பக்கம் வண்டி வந்து நின்றது. சட்டையெல்லாம் வெள்ளைப் புழுதியோடு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓர் ஆள் அறை வாசலில் வந்து நின்றான். அண்ணன் ஜாடை அப்படியே இருந்தது. சின்னராஜ்.

"அண்ணா" என்று கூப்பிட்டான்.

தனபால் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

"அண்ணா... ஏனுங்கண்ணா, நாளைக்குப் பெரியவங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசோணுங்கண்ணா."

அசைவில்லை. சின்னராஜின் முகம் சுருங்கியது. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டானோ என்னவோ, திரும்பிப் போக ஒரு கால் எடுத்து வைத்தான். மறுபடி நின்று, "அண்ணா" என்றான்.

தனபால் தன் மனைவியின் கண் போன திசையைப் பார்த்துத்தான் திரும்பினார். வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"எப்படா வந்தே?"

"இப்பத்தாங்கண்ணா."

"எத்தனை தடவை கூப்புட்டே?"

சின்னராஜ் அண்ணியைப் பார்த்தான். அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தான். முன்பின் தெரியாத இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

"ஒருக்காத்தாங்கண்ணா. இப்பத்தான் கூப்புட்டேன்."

கோகிலவாணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முருகானந்தம் அவள் காலை மிதித்தார்.

தனபால் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிப்புமாக அழுகையுமாக ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

"உனக்குப் பொய்யி சொல்ல வராது சாமி. சின்னதுல இருந்தே வராது."

எழுந்து வந்து தம்பியின் சட்டையிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டார். தோளில் தட்டினார், முதுகில் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு யாரும் வர வேண்டாம்னு பெரியவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லீரு. நாம சேலத்துக்குப் போலாம், காது டாக்டர்கிட்ட." பையிலிருந்து கார் சாவியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்து அழுத்தினார். "வண்டியை நீயே ஓட்டு. பின்னாடி வர்றவன் அடிக்கற ஆரன் எனக்குக் கேட்டு ரொம்ப நாளாச்சு."